தணிந்த குரலுக்குப் பின்னால்: பார்க்கின்சன் நோயில் பேச்சும் மனநிலையும் அறிதிறனும்



பேச்சு, மொழிக் குறைபாடுகளுக்குப் பயிற்சி தருவது என் தொழில். பார்க்கின்சன் நோயாளிகள் என்னிடம் வருவது பெரும்பாலும் கடைசியில்தான். நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் மருந்து கொடுத்து, நடை ஓரளவு சீரான பிறகு, பேச்சுக்கு இங்கே போய்ப் பாருங்கள் என்று நரம்பியல் மருத்துவர் அனுப்பிவைப்பார். வந்து உட்கார்ந்ததும் வீட்டார் சொல்வது ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் ஒன்றுதான். “பேச்சே குறைஞ்சுபோச்சுங்க. எதுலயும் நாட்டமில்ல. மறதியும் வந்துடுச்சு.” மூன்று குறைகளும் ஒரே மூச்சில் வந்துவிடும். பேசாமல் இருக்கிறார், ஆகவே மூளை மங்கிவிட்டது. மூளை மங்கிவிட்டது, ஆகவே அவரிடம் எதையும் கேட்டுப் பயனில்லை. இந்த இரண்டு ‘ஆகவே’க்களும் நோயாளியின் வாழ்க்கைக்குச் செய்கிற சேதம் நோய் செய்கிற சேதத்துக்குக் குறைந்ததில்லை என்று நான் நினைக்கிறேன். அந்த மூன்று குறைகளையும் பிரித்துப் பார்க்கவே இன்று வந்திருக்கிறேன்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றிய தம் சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்துத்தான் குறிப்பெடுத்தார். புலன்களும் அறிவும் இந்த நோயில் பழுதுபடுவதில்லை என்று தொடக்க வரையறையிலேயே எழுதிவிட்டார். நோய்க்கு அவர் பெயரைச் சூட்டிய பாரிஸ் மருத்துவர் ஷார்கோ, காலப்போக்கில் அறிவும் ஞாபகமும் தளரக்கூடும் என்று கவனித்துச் சொன்னார். ஆனாலும் பாடநூல்களில் நெடுங்காலம் நின்றது பார்க்கின்சனின் கருத்துதான். நோயாளிகள் அன்று அவ்வளவு காலம் உயிரோடு இருக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். 1960களின் பிற்பகுதியில் கோட்சியாஸ் லெவோடோபா மருந்தை வாய்வழியே கூடுதல் அளவில் கொடுத்து வெற்றி கண்டார். அதன் பிறகுதான் இந்த நோயோடு பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்கிறவர்களை மருத்துவ உலகம் பரவலாகப் பார்க்கத் தொடங்கியது. உடல் அசைந்தது. அப்போதுதான் அறிதிறனின் சரிவு கண்ணில் பட்டது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட முடிவின்படி, நோய் கண்டறிந்து 20 ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்களில் 83 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் அறிதிறன் இழப்பு வந்திருந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 10 ஆண்டுகளில் 46 விழுக்காட்டினருக்கு அது வந்தது. நோயாளிகள் அமர்ந்திருக்கும் அவையில் இந்த எண்களைச் சொல்வது எளிதில்லை. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பத்தாண்டு கடந்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிமென்ஷியா இல்லை. குரலிலோ பேச்சிலோ சிக்கல் வருவது பத்தில் ஒன்பது பேருக்கு. அதுவும் பலருக்கு நோயின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அப்படியானால் தணிந்த குரலோடு மௌனமாக உட்கார்ந்திருக்கும் ஏராளமானவர்களின் அறிவு தெளிவாகவே இருக்கிறது. மௌனத்தை வைத்து மூளையை எடைபோடுவது கணக்குப்படியே தவறு.

அதே சமயம் பேச்சும் மனநிலையும் அறிதிறனும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை என்றும் சொல்ல முடியாது. மூளையின் ஆழத்தில் இருக்கும் அடிக்கரு முடிச்சுகளும் நெற்றிப் பகுதியும் சுற்றுப்பாதைகளால் இணைந்திருக்கின்றன. அசைவுக்கு ஒரு பாதை, திட்டமிடவும் கவனத்தை மாற்றவும் ஒரு பாதை, உணர்ச்சிக்கும் ஊக்கத்துக்கும் ஒரு பாதை என்று அவை பக்கம் பக்கமாக ஓடுவதை அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் மூவரும் 1986இல் விளக்கினார்கள். ஒரே ஏரியிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் அவை. ஏரியில் நீர் தாழ்ந்தால் எல்லா வயலும் காயும். எது முதலில், எவ்வளவு காயும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டோபமினோடும் கதை முடிவதில்லை. ஜெர்மானிய உடற்கூறியலாளர் பிராக் 2003இல் முன்வைத்த வரைபடத்தின்படி, நோயின் புரதப் படிவுகள் டோபமின் சுரக்கும் கருந்திட்டுப் பகுதியை எட்டுவதற்கு முன்பே மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிகளில் தொடங்கிவிடுகின்றன. நார்அட்ரினலினும் செரடோனினும் சுரக்கும் மையங்கள் அங்கேதான் இருக்கின்றன. கை நடுங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மனச்சோர்வோ பதற்றமோ சிலருக்கு வந்துவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். “வியாதி வந்த கவலையில் இப்படி ஆயிட்டார்” என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை.

இனி குரலுக்கு வருகிறேன். வாயிலிருந்து ஓர் அடி தூரத்தில் அளந்தால் இந்த நோயாளிகளின் பேச்சு, அதே வயதினர் பேச்சைவிடச் சராசரியாக 2 முதல் 4 டெசிபல் குறைவு. கேட்க அற்பமாகத் தோன்றும். மின்விசிறி ஓடும் கூடத்தில், தொலைக்காட்சி முழங்கும் வீட்டில், கல்யாண மண்டபத்தில் அந்த 4 டெசிபல் ஒருவரை உரையாடலிலிருந்து முழுவதுமாக வெளியேற்றிவிடும். சுருதியின் ஏற்ற இறக்கம் சுருங்குகிறது. மெய்யெழுத்துகள் தேய்கின்றன. சிலருக்குச் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வரும். குறிலும் நெடிலும், ஒற்றும் இரட்டிப்பும் பொருளை மாற்றுகிற மொழி நம்முடையது. அவசரமாகவும் மூச்சுக் குறைவாகவும் வரும் பேச்சில் ‘படு’வும் ‘பாடு’ம் ‘பட்டு’ம் ஒன்றை ஒன்று நெருங்கிவிடுவதை என் அறையில் அடிக்கடி கேட்கிறேன்.

இதில் வீட்டாருக்குப் புரியவைக்க மிகக் கடினமான ஒன்று உண்டு. நோயாளிக்குத் தம் குரல் தணிந்திருப்பது தெரியாது. அவர் காதுக்கு அது சரியான அளவாகவே கேட்கிறது. “கொஞ்சம் பலமா பேசுங்கய்யா” என்று சொல்லி, நாம் சாதாரணமாகப் பேசும் அளவுக்கு அவர் குரலைக் கொண்டுவந்தால், “கத்துற மாதிரி இருக்கேம்மா, நல்லாவா இருக்கும்?” என்று கூச்சப்படுவார். கைபேசியில் பதிவுசெய்து உடனே போட்டுக்காட்டுவேன். முதலில் பேசிய பழைய குரலைக் கேட்டதும் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். இவ்வளவு மெதுவாகவா பேசுகிறேன் என்று தாமாகவே உணரும் அந்த நிமிடத்தில்தான் பயிற்சியே தொடங்குகிறது. ஆக, குரல் தணிவது குரல்வளைத் தசையோடு நின்றுவிடும் பிரச்சினை இல்லை. தன் முயற்சியைத் தானே அளந்து பார்க்கும் மூளையின் வேலையும் அதில் பிசகியிருக்கிறது. அறிதிறன் பேச்சுக்குள் நுழையும் முதல் இடம் இது.

முகமது அலியை எல்லோருக்கும் தெரியும். குத்துச்சண்டை மேடையைவிடப் பேட்டிகளில் அதிகம் வென்றவர் அவர். 1984இல், 42 வயதில், அவருக்கு நோய் கண்டறியப்பட்டது. அரிசோனா ஆய்வாளர்கள் அவருடைய பழைய தொலைக்காட்சிப் பேட்டிகளை எடுத்து அளந்து 2017இல் வெளியிட்டார்கள். 26 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையில் அவர் பேச்சின் வேகம் 26 விழுக்காடு குறைந்திருந்தது. அதாவது, நோய்க்குப் பெயர் வைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பேச்சு மாறத் தொடங்கிவிட்டது. தலையில் வாங்கிய அடிகளையும் அவர் விஷயத்தில் கணக்கில் சேர்க்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கே உரிய தூய உதாரணமாக அவரை நான் சொல்லவில்லை. பேச்சு ஓர் ஆரம்ப அறிகுறியாக இருந்தும் யாரும் அதை அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சொல் தேடுவது வேறு விஷயம். ஒரு நிமிடம் தருகிறேன், தெரிந்த விலங்கு, பறவைப் பெயர்களையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கமான சோதனை. வாழ்நாள் முழுக்க மாடு கன்றுகளோடு இருந்த ஒரு விவசாயி. பசு, காளை, எருமை, கிடாரி, கன்னுக்குட்டி, வெள்ளாடு, செம்மறி என்று மடமடவென்று வந்தது. பிறகு ஒன்றுமில்லை. உதடு அசைகிறது, கண் மேலே போகிறது, மீண்டும் “பசு” என்கிறார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் மகன் தலையைக் குனிந்துகொள்கிறார். நேரம் முடிந்த பிறகு, “காட்டுல என்னல்லாம் இருக்கும் ஐயா?” என்று கேட்டேன். புலி, நரி, மான், முயல், யானை. “வயல்ல வந்து உக்கார்ற பறவை?” கொக்கு, மடையான், நாரை, மைனா, கரிச்சான். கேட்ட எனக்கே தெரியாத இரண்டு பெயர்களும் சேர்ந்து வந்தன. அவரிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தொழுவத்திலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து வயலுக்கும் தாமாகத் தாவ முடியவில்லை. அந்தத் தாவலுக்கான உந்துதல் டோபமின் பாதையில் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு போயிருந்தால் ஏழு என்ற எண்தான் அவர் கோப்பில் இருந்திருக்கும்.

இந்தச் சோதனைக்கு உண்மையான மதிப்பும் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வில், 90 விநாடியில் 20 விலங்குப் பெயர்களுக்குக் குறைவாகச் சொன்னவர்களுக்கும், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய முடியாதவர்களுக்கும் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஓர் எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொன்னால் தடுமாறியவர்களுக்கு அந்த ஆபத்து அதே அளவில் தெரியவில்லை. ஆகவே அந்த ஆய்வுக்குழு இருவகைச் சரிவைப் பிரித்துப் பேசியது. திட்டமிடல், கவனத்தை மாற்றுதல் போன்றவற்றில் டோபமின் குறைவால் வரும் தடுமாற்றம் பலருக்கு ஆரம்பத்திலேயே இருக்கும், அதிலிருந்து அவர்கள் டிமென்ஷியாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மூளையின் பின்பகுதி சார்ந்த சரிவுதான் கவலைக்குரியது. நான் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். ஐங்கோணம் வரைவதைத் தவிர, இந்தச் சோதனைகளுக்குப் பதிலை வாயால் சொல்ல வேண்டும், அதுவும் கடிகாரம் வைத்துச் சொல்ல வேண்டும். நாக்கு மெதுவாகப் புரண்டால் மதிப்பெண் குறையும். மனம் சோர்ந்திருந்தாலும் குறையும். மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் கேட்டாலும் குறையும். பேச்சையும் மனநிலையையும் பார்க்காமல் எடுத்த அறிதிறன் மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை.

புரிந்துகொள்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீண்ட, கிளைவிட்ட வாக்கியங்களை முடிவுவரை மனத்தில் தாங்கிப் பிடிப்பது இவர்களில் பலருக்குச் சிரமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். “நேத்து வந்துட்டுப் போன மாமா பையன் குடுத்துட்டுப் போன பத்திரிகையை எங்கப்பா வச்சீங்க?” என்று மகள் அடுப்படியிலிருந்து கேட்கிறாள். கேள்வி எது என்று தெரியும்வரை அவர் மாமாவையும் பையனையும் பத்திரிகையையும் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். எதிரில் வந்து உட்கார்ந்து, “பத்திரிகை எங்கப்பா? கல்யாணப் பத்திரிகை. மாமா பையன் குடுத்தது” என்று கேட்டால் பதில் வந்துவிடுகிறது. அதே கேள்வி, அதே மனிதர். முதல் முறை கிடைத்த மௌனத்துக்கு அந்த வீட்டில் வைத்திருந்த பெயர் மறதி.

மனநிலை பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். நம் ஊரில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி அது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் உள்ளவர்கள் இந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நாட்டமின்மை அதைவிடச் சற்று அதிகம். இரண்டும் ஒன்றில்லை. மனச்சோர்வில் துயரம் இருக்கும், குற்றவுணர்ச்சி இருக்கும், எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன் என்ற நினைப்பு இருக்கும். நாட்டமின்மையில் துயரமே இருக்காது. செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு பிரிக்காமல் உட்கார்ந்திருப்பார். கேட்டால், “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்பார், அது உண்மையாகவும் இருக்கும். இவை இரண்டும் இல்லாமலும் ஒருவர் சோகமாகத் தோன்றலாம். முகத்தசைகள் விறைத்து, கண் சிமிட்டுவது குறைந்து, குரல் ஒரே சுருதியில் வந்தால், பார்க்கிறவர்களுக்கு அவர் வருத்தமாகவோ கோபமாகவோ அக்கறையற்றவராகவோதான் தெரிவார். பேரன் பிறந்த செய்தியைக் கேட்டு உள்ளே குளிர்ந்துபோயிருப்பார், முகமும் குரலும் அதைச் சொல்லாது. மருமகள் அதை மனத்தில் வைத்துக்கொள்வாள். பிறர் குரலில் இருக்கும் கோபத்தையும் கேலியையும் இனங்காணும் திறனும் சிலருக்கு மங்குகிறது. இருபுறமும் செய்தி தவறுகிறது.

மனச்சோர்வுக்கும் அறிதிறனுக்கும் உள்ள தொடர்பை 1992இல் ஸ்டார்க்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும் நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்துக் காட்டினார்கள். கடும் மனச்சோர்வு இருந்தவர்களின் அறிதிறன் மற்றவர்களைவிட அதிகம் சரிந்திருந்தது. எது காரணம், எது விளைவு என்று இதிலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் மனச்சோர்வைக் கவனிக்காமல் விடுவதற்கு இனி ஒரு சாக்கும் இல்லை. பராக்ஸடின், வென்லாஃபாக்சின் ஆகிய மருந்துகள் இந்த நோயாளிகளின் மனச்சோர்வைக் குறைக்கின்றன என்று 2012இல் அமெரிக்கச் சோதனை ஒன்று காட்டியது.

நியூகாசிலில் நிக் மில்லர் குழுவினர் 2006இல் நோயாளிகளிடம் நேரில் பேசி எழுதிய கட்டுரையை என் மாணவர்களைக் கட்டாயம் படிக்கச் சொல்வேன். பேச்சு இன்னும் தெளிவாகவே இருக்கும் நிலையிலும், உரையாடலில் தங்கள் இடம் பறிபோனதாக நோயாளிகள் உணர்ந்தார்கள். நம்பிக்கை குறைகிறது, கடைக்குப் போனால் கூட வந்தவரே பேசிவிடுகிறார், குடும்பத்தில் முடிவெடுக்கும் பேச்சில் தன் பங்கு நழுவுகிறது. என் அறையில் நடப்பதும் அதுவே. நோயாளியைப் பார்த்து, “ராத்திரி தூக்கம் எப்படி ஐயா?” என்று கேட்கிறேன். அவர் மூச்சை எடுத்து, சொல்லைத் தேடி, வாயைத் திறக்க நாலைந்து விநாடி ஆகும். அதற்குள் மனைவி, “எங்கங்க தூங்குறாரு” என்று தொடங்கிவிடுவார். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார். ஆனால் இது நாள் முழுக்க, வருஷம் முழுக்க நடந்தால் அந்த மனிதர் முயற்சியையே விட்டுவிடுவார். பேசாதவருக்குச் சொல் தேடும் பழக்கம் போகிறது, நண்பர்கள் குறைகிறார்கள், சோர்வு கூடுகிறது. அடுத்த சோதனையில் மதிப்பெண் இன்னும் கொஞ்சம் குறையும். அதை நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய தம்பதிகளில் நோயாளிக்குக் குரல் தணிகிறது, துணைக்குக் காது மந்தமாகிறது. “அவரு முணுமுணுக்கிறாரு” என்று புகார் சொல்லும் அம்மாவின் காதையும் சோதித்துவிடுவது நல்லது. சில வீடுகளில் பாதிப் பிரச்சினை காதுக்கருவியிலேயே தீர்ந்திருக்கிறது.

என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். திடீரென்று சில நாட்களில் குழப்பம் வந்தால், நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றை முதலில் பாருங்கள். நடுக்கத்துக்காகக் கொடுக்கப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் முதியவர்களின் ஞாபகத்தைக் கலைக்கக்கூடியது. பழைய சீட்டில் அது தொடர்ந்துகொண்டே இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டிமென்ஷியா உறுதியானால் ரிவாஸ்டிக்மின் ஓரளவு உதவும் என்பது 2004 முதல் தெரிந்த செய்தி. மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் பெரிய வரம். ஆனால் அதற்குப் பிறகு சொற்களைச் சரளமாக எடுக்கும் திறன் சிலருக்குக் குறைவதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. பேச்சைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியரோ வழக்கறிஞரோ இதை முன்கூட்டியே அறிந்து முடிவெடுக்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சியில் லொரெய்ன் ரேமிக் அமெரிக்காவில் 1980களில் உருவாக்கிய முறைக்கு வலுவான சான்று இருக்கிறது. லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பெயரால் அது வழங்குகிறது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என 16 அமர்வுகள். குரலை உரக்க எழுப்புவது என்ற ஒரே இலக்கை மட்டும் நோயாளி மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பல கட்டளைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சிரமப்படும் மூளைக்கு ஒரே கட்டளை கொடுப்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. பிரிட்டனில் 388 நோயாளிகளிடம் செய்து 2024இல் வெளியான சோதனையில், இந்தத் தீவிரப் பயிற்சி பெற்றவர்களுக்குக் குரலால் வரும் அன்றாடத் தொல்லை குறைந்தது. அங்கே வழக்கமாகத் தரப்படும், அவ்வப்போதைய பயிற்சி, பயிற்சியே பெறாத நிலையைவிட மேலாக இல்லை. மாதம் ஒருமுறை வந்து போகும் நோயாளிகளை வைத்துக்கொண்டு வேலைசெய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு இது கசப்பான செய்தி. ஆனாலும் ஏற்றுக்கொள்ள வேண்டிய செய்தி.

வாரம் நான்கு நாள் பேருந்தேறி வா என்று, எழுந்து நிற்கவே தடுமாறும் ஒருவரிடம் எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன, இயன்முறைப் பயிற்சியும் போகிறது. அதே வாசலுக்குக் குரல் பயிற்சியும் போகலாம். வீட்டுக்கு வரும் இயன்முறைப் பயிற்சியாளருக்குச் சில வாரங்களில் இதைக் கற்றுக்கொடுத்துவிட முடியும். வாரம் ஒருநாள் அவர் நேரில் வரட்டும், மற்ற மூன்று நாள் கைபேசியில் எங்களைப் போன்றவர்கள் நடத்துகிறோம். ஒலி அளவைக் காட்டும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வருகையிலேயே மனச்சோர்வுக்கான எளிய கேள்வித்தாளையும், விலங்குப் பெயர்ச் சோதனையையும் மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து ஒருசேர எடுத்துவிடலாம். குரல், மனநிலை, அறிதிறன் மூன்றையும் ஒரே தாளில் எழுதி நரம்பியல் மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். இதற்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதித்தர நானும் என் துறை நண்பர்களும் தயாராக இருக்கிறோம். இந்த அவையில் இருக்கும் பொதுச் சுகாதாரத் துறை அலுவலர்கள் ஒரு வட்டாரத்தில் மட்டுமாவது இதைத் தொடங்கிப் பார்க்க அனுமதி தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.